பதின்மூன்று வாரத்தில் முடியும் மத்தியானத் தொடர்: செட்டிநாட்டு வீட்டில் எடுக்கும் முறை

காரைக்குடிப் பக்கம் வீடு பிடித்து மெகா சீரியல் எடுப்பது புதிதல்ல. ‘நாதஸ்வரம்’ அந்த வட்டாரத்திலேயே ஆண்டுக்கணக்கில் படமானது. அதன் 1000-வது எபிசோடை 2014 மார்ச் 5 அன்று நேரலையாகவே ஒளிபரப்பினார்கள். இங்கே சொல்லப்போவது வேறு வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை, 13 வாரம், 65 எபிசோட். அதோடு கதை முடிந்தது. அதுவும் இரவு ஸ்லாட்டில் இல்லை, மத்தியான ஸ்லாட்டில்.

எடுக்கும் முறைக்குப் போவதற்கு முன், மத்தியானத்தில் இப்படி ஒரு தொடர் நிற்குமா என்று பார்த்துவிட வேண்டும். அதற்கு நல்ல பாடம் அமெரிக்காவில் இருக்கிறது.

அங்கே பகல்நேரத் தொடர் என்றாலே முடிவில்லாத தொடர்தான். ‘கைடிங் லைட்’ 1937-ல் வானொலியில் ஆரம்பித்து, 1952-ல் டிவிக்கு வந்து, 2009 செப்டம்பரில்தான் நின்றது. ‘ஜெனரல் ஹாஸ்பிட்டல்’ 1963-லிருந்து இன்னும் ஓடுகிறது. ஆனால் 2009-க்கும் 2012 ஜனவரிக்கும் நடுவில் நான்கு பழைய தொடர்கள் அடுத்தடுத்து நிறுத்தப்பட்டன. 1965-ல் தொடங்கிய ‘டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ 2022-ல் டிவியை விட்டு பீகாக் என்ற ஓடிடிக்குப் போய்விட்டது. முடிவில்லாத கதைக்கு ஆள் குறைகிறது என்றால், முடிகிற கதையைக் கொடுக்கலாமே என்ற யோசனை வருவது இயல்பு. அதை அவர்கள் யோசனையோடு விடவில்லை, இரண்டு விதமாகச் செய்தும் பார்த்தார்கள்.

முதலாவது, ஏபிசி சேனலின் ‘போர்ட் சார்ல்ஸ்’. 1997-ல் வழக்கமான பகல்நேரத் தொடராகத் தொடங்கியது, அரை மணி நேரம். 2000 இறுதியில் முறையை மாற்றினார்கள். ஊர் அதே, முக்கிய நடிகர்கள் அதே. கதை மட்டும் சுமார் 13 வாரத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்போடு. 2003 அக்டோபரில் தொடர் நின்றாலும், நடுவில் அந்த முறை கிட்டத்தட்ட மூன்று வருடம் ஓடியது.

இரண்டாவது, 2006 செப்டம்பரில் தொடங்கிய மைநெட்வொர்க்டிவி என்ற சேனல். லத்தீன் அமெரிக்காவின் டெலிநாவெலா முறையை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்கள்: 13 வாரம், 65 எபிசோட், சனிக்கிழமை அந்த வாரத்தின் சுருக்கம். ஒளிபரப்பு இரவில். 13 வாரம் முடிந்ததும் புதுக் கதை, புது முகங்கள், புது வீடு. அடுத்த வருடமே அந்த முறையைக் கைவிட்டார்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கள் முடிவு இதுதான்: 13 வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றினால், 13 வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பவரைப் புதிதாகத் தேட வேண்டியிருக்கும். ஊரையும் முகங்களையும் வைத்துக்கொண்டு கதையை மட்டும் மாற்றினால் வேலை பாதியாகக் குறையும்.

ஜப்பானும் பிரேசிலும் இதையே வேறு வழியில் காட்டுகின்றன. என்எச்கே 1961-லிருந்து காலைத் தொடர் ஒளிபரப்புகிறது. ஒரு எபிசோட் 15 நிமிடம். ஏறக்குறைய ஆறு மாதத்தில் ஒரு கதை முடியும், அடுத்தது தொடங்கும். பெரும்பாலும் ஒவ்வொரு கதைக்கும் ஜப்பானில் ஒரு வட்டாரம் களமாக அமையும். அறுபது வருடத்துக்கு மேல் அந்த நேரம் கைமாறவில்லை. பிரேசிலின் குளோபோ சேனலில் கடைசி எபிசோட் வெள்ளிக்கிழமை, அதன் மறு ஒளிபரப்பு சனிக்கிழமை, புதுக் கதை திங்கட்கிழமை. கதை முடியலாம், நேரம் முடியக் கூடாது. அமெரிக்கப் பகல் நேரத்திலும் குறுந்தொடர் நிற்கும் என்றே நம்புகிறோம்; ஆனால் அந்த நேரத்தை ஒரு வருடமாவது குறுந்தொடருக்கே எழுதிக் கொடுக்கும் சேனல் வேண்டும். சிபிஎஸ் 2025 பிப்ரவரியில் ‘பியாண்ட் தி கேட்ஸ்’ தொடங்கியபோது அதுவும் முடிவில்லாத தொடராகவே தொடங்கியது. 1999-க்குப் பிறகு அங்கே பெரிய சேனல் ஒன்றில் வந்த முதல் புதிய பகல்நேரத் தொடர் அது.

சேனல்கள் முடிவில்லாத தொடர் பக்கம் சாய்வதற்குக் காரணம் கணக்குதான். வீடு, செட், உடை, பாத்திர பண்டம் என்று ஆரம்பச் செலவு 10 லட்சம் என்று வையுங்கள். 65 எபிசோடுக்குப் பிரித்தால் எபிசோடுக்கு 15,385 ரூபாய். 260 எபிசோடுக்குப் பிரித்தால் 3,846 ரூபாய். குறுந்தொடரைத் தனியாக எடுத்தால் இந்த இடத்திலேயே அடி விழும். அதனால்தான் நான்கு கதை, ஒரே ஊர், முடிந்தவரை ஒரே வீடு என்று வருடம் முழுவதற்கும் திட்டம் போட வேண்டும். நான்கு பதின்மூன்று 52 வாரம்.

சேனலோடு பேசும்போது

52 வாரம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் 26 வாரத்துக்குக் கீழே இறங்காதீர்கள். ஒப்பந்தத்தில் இரண்டு வரி கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்று, கதை ஓடும் 13 வாரமும் ஸ்லாட் மாறாது. மற்றது, டிஆர்பி ஏறினாலும் 65 என்பது 70 ஆகாது. இரண்டாவது வரியைத்தான் சேனல் முதலில் அடிக்கப் பார்க்கும். பத்தாவது வாரம் நல்ல எண் வந்துவிட்டால், இன்னும் இரண்டு மாதம் இழுங்கள் என்பார்கள். முடிவை நோக்கி எழுதிய கதையை அங்கே இழுத்தால் பதினோராவது வாரம் யாராவது படியில் விழுந்து நினைவு இழக்க வேண்டியதாகிவிடும். கேட்பவர்களிடம் சொல்ல வேண்டிய பதில்: அதே ஊரில் அடுத்த கதை திங்கட்கிழமை தயார்.

சனிக்கிழமையும் வேண்டும் என்றால் 78 எபிசோட் எழுதாதீர்கள். 65-ஐ அப்படியே வைத்து, சனிக்கிழமைக்கு வாரச் சுருக்கம் 13 கொடுங்கள். எடிட்டருக்கு வாரம் ஒரு நாள் வேலை, படப்பிடிப்புச் செலவு இல்லை. நடுவில் நுழையும் ஆட்களுக்கு அதுதான் வாசல்.

டிவி கிடைக்காமல் யூடியூபுக்குப் போவதானால் வாரம் ஐந்து போட வேண்டாம். நிறுத்தப்பட்ட அமெரிக்கத் தொடர்கள் இரண்டை 2013-ல் இணையத்தில் உயிர்ப்பித்தார்கள்; வாரம் நான்கு எபிசோட் என்று தொடங்கி, பார்ப்பவர்கள் பின்தங்குகிறார்கள் என்று சில வாரத்திலேயே இரண்டாகக் குறைத்தார்கள். கடிகாரம் பார்த்து உட்கார வைக்கும் பழக்கம் இணையத்தில் இல்லை. வாரம் இரண்டு, ஒவ்வொன்றும் 22 நிமிடம் போதும்.

கெடுவிலிருந்து கதை தொடங்கட்டும்

குறுந்தொடருக்கு முதலில் வேண்டியது முடிவுத் தேதி, அதுவும் கதைக்குள்ளேயே. எல்லாருக்கும் தெரிந்த, தள்ளிப்போட முடியாத தேதி. செட்டிநாட்டில் அதற்குப் பஞ்சமே இல்லை. முன்னோருக்குப் போடும் படைப்பு, அறுபதாம் கல்யாணமான சாந்தி, பிள்ளையார் நோன்பு, கல்யாணம். பழைய காலக் கதை என்றால் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன ஏஜெண்டின் மூன்று வருடக் கணக்கு. இவற்றில் எங்களுக்கு மிகவும் பிடித்தது வீட்டுக் கிரய ஒப்பந்தம். கெடு 90 நாள். 13 வாரம் என்பது 91 நாள். கதைக்குள் ஓடும் நாளும் டிவியில் ஓடும் நாளும் ஒன்றாகிவிடும். “இன்னும் 40 நாள்தான் இருக்கு” என்று திரையில் ஒருவர் சொன்னால் பார்ப்பவருக்கும் 40 நாள்தான்.

மாதிரிக்கு இப்படி வைத்துக்கொள்வோம். ஏழு பங்காளிகளுக்குச் சொந்தமான வீடு. வெளியூர்க்காரர் ஒருவர் நல்ல விலை சொல்லி, முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போடுகிறார். ஆறு பங்கு சம்மதம். ஏழாவது பங்கில் அப்பத்தா விசாலாட்சி, மகன், பேத்தி உமையாள். 2005 வாரிசுரிமைத் திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கும் பிறப்புரிமையாகப் பங்கு உண்டு என்பதால் உமையாளின் கையெழுத்தும் கேட்கப்படுகிறது. இந்த ஒரு கையெழுத்து 65 எபிசோடைத் தாங்கும்.

முதலில் கடைசி வாரத்தின் ஐந்து எபிசோடை எழுதுங்கள், ஒன்லைனாக (காட்சிச் சுருக்கமாக) இல்லை, வசனத்தோடு. பிறகு 1-வது வாரம். அதன்பின் 7-வது வாரம். இந்த மூன்றும் முடியாமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

கதையின் மிகப் பெரிய ரகசியத்தை 7-வது வாரத்திலேயே உடைத்துவிட வேண்டும். மாதிரிக் கதையில், வாங்க வந்தவருக்குப் பின்னால் இருப்பது பங்காளிகளில் ஒருவரே என்பது 33-வது எபிசோடில் வீட்டுக்கே தெரிந்துவிடும். கடைசி வாரத்துக்கு வைத்திருந்தால் என்ன கெடும்? 7, 8, 9 வாரங்களில் ஆட்கள் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்பதைத் தவிர வேறு வேலை இருக்காது. முடிவில்லாத தொடரில் அந்த மந்தத்தை இன்னொரு டிராக் (கிளைக்கதை) எடுத்துத் தாங்கிக்கொள்ளும். அங்கே பத்துக் குடும்பம் இருக்கிறது. இங்கே மூன்று டிராக்தான். ரகசியம் உடைந்தபின் அதன் விளைவுகள் ஆறு வாரத்தை நிரப்பும்: யார் யாரோடு பேசுவதில்லை, முன்பணத்தை யார் செலவழித்துவிட்டார், திருப்பிக் கொடுக்க எந்த நகை அடகுக்குப் போகிறது.

மூன்று டிராக்கில் சின்னது 6-வது வாரத்தில் முடியட்டும். முழுதாக ஒன்று முடிந்ததைப் பார்த்தவர்தான், இவர்கள் மற்றதையும் முடிப்பார்கள் என்று நம்புவார். அதன் இடத்தில் வரும் புது டிராக், ஏற்கெனவே கதையில் இருக்கும் ஒருவருடையதாக இருக்க வேண்டும். 9-வது வாரத்தில் அடுத்த கதையின் நாயகி சின்ன வேஷத்தில் உள்ளே வரட்டும். பத்திர எழுத்தராகவோ எதிர்த்த வீட்டு மருமகளாகவோ வந்து நான்கைந்து காட்சி செய்தால் போதும். 14-வது வாரத் திங்கட்கிழமை அவள் அறிமுகம் தேவையில்லாத ஆளாக இருப்பாள்.

ஒரு எபிசோடின் அளவு

அரை மணி ஸ்லாட்டில் கையில் இருப்பது 22 நிமிடம். மூன்று விளம்பர இடைவேளை என்றால் நான்கு பகுதி: 6, 6, 5, 5. முந்தைய நாள் சுருக்கம் 40 நொடி, டைட்டில் 30 நொடி, இரண்டும் முதல் ஆறுக்குள் அடங்கும். காட்சிகள் 7 அல்லது 8. ஒவ்வொரு இடைவேளைக்கு முன்னும் ஒரு கேள்வி நிற்க வேண்டும். திங்கள் முதல் வியாழன் வரை சின்னக் கேள்வி, வெள்ளி பெரியது. ஐந்து நாளும் பெரிய அதிர்ச்சி வைத்தால் வெள்ளியின் மதிப்பு போய்விடும்.

பகலில் டிவி ஓடும்போது பாதிப் பேர் அரிசி களைந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ இருப்பார்கள். கண் திரையில் இருக்காது, காது இருக்கும். அமெரிக்கப் பகல்நேரத் தொடர் வானொலியிலிருந்து வந்ததால் அந்தப் பழக்கம் அதன் எழுத்தில் ஊறியிருக்கிறது. நீங்களும் ஒவ்வொரு காட்சியையும் ஒலியை மட்டும் போட்டுக் கேட்டுப் பாருங்கள். யார் யாரிடம் எதைப் பற்றிப் பேசுகிறார் என்பது 20 நொடிக்குள் புரியவில்லை என்றால் திருப்பி எழுதுங்கள்.

“அது முடிஞ்சுதா?”
“முடிஞ்சுது. ஆனா அவருக்குத் தெரியாது.”

இப்படி எழுதினால் அடுப்படியில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. அதே காட்சி, உமையாள் அப்பத்தாவிடம் சொல்வதாக (அப்பச்சி என்றால் அப்பா):

“அப்பத்தா, அப்பச்சி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டாரு.”
“எந்த ஒப்பந்தம்டி ஆத்தா? இந்த வீட்டுக்கா?”
“இந்த வீட்டுக்குத்தான். உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னுட்டாரு.”

யார், எது, யாருக்குத் தெரியாது என்ற மூன்றும் மூன்று வரியில் வந்துவிட்டன. இதே செய்தியை மறுநாள் உமையாள் தன் அண்ணமிண்டியிடம் சொல்வாள், அதற்கு மறுநாள் அப்பத்தா பக்கத்து வீட்டு ஆச்சியிடம் சொல்வார். நேற்றுத் தவறவிட்டவருக்குக் கதை கிடைக்கும். நேற்றுப் பார்த்தவருக்குக் கேட்பவரின் முகம் புதிது. ஒரே செய்தி மூன்று முறை வரலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்டவர் அதை வைத்து ஏதாவது செய்ய வேண்டும். கேட்டுவிட்டு “அய்யோ” என்று நின்றால் அது வெறும் இழுவை.

பேச்சு வழக்கில் கவனம் தேவை. நகரத்தார் வீட்டில் அப்பா அப்பச்சி, அம்மா ஆத்தா, தாத்தா ஐயா, அப்பாவின் அம்மா அப்பத்தா, அம்மாவின் அம்மா ஆயா, அண்ணன் மனைவி அண்ணமிண்டி. எல்லாரையும் ஆச்சி என்று கூப்பிட வைத்தால் செட்டிநாடு ஆகிவிடாது. வீட்டு வேலைக்கு வருபவர், டீக்கடைக்காரர், பத்திர ஆபீஸ் ஆள் எல்லாரும் அந்தப் பேச்சையே பேசினால் அதுவும் பொய். வசனம் முடிந்ததும் ஊரில் வயதான பெண்மணி ஒருவரிடம் சம்பளம் கொடுத்து முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள். படப்பிடிப்பில் திருத்துவதைவிட இது மலிவு.

பர்மா பிளாஷ்பேக் எழுதும் ஆசை வரும். வேண்டாம். பழைய காலத்தை பேரேட்டிலும் கடிதத்திலும் வையுங்கள். 22 நிமிடத்தில் 3 நிமிட பர்மாவுக்கு ஆகும் உடை, செட் செலவில் நான்கு எபிசோட் எடுக்கலாம்.

வீடு பிடிப்பது

முன் வாசல் ஒரு தெருவில், பின் வாசல் அடுத்த தெருவில் உள்ள வீடாகப் பாருங்கள். ஜெனரேட்டரும் வண்டிகளும் பின் தெருவில் நிற்க, முன் தெரு காட்சிக்குச் சுத்தமாகக் கிடைக்கும். திண்ணை, முகப்பு, வளவு (தூண்கள் சூழ்ந்த நடு முற்றம்), இரண்டாங்கட்டு, அடுப்படி ஐந்தும் பயன்படுத்தக் கிடைக்க வேண்டும். வளவு மட்டும் தருகிறோம் என்றால் 65 எபிசோடும் ஒரே இடத்தில் பேசிக்கொண்டிருக்க நேரும்.

சாவி வைத்திருப்பவரிடம் பேசி முடித்துவிட்டு வந்தால் பாதியில் படப்பிடிப்பு நிற்கும். வீடு பல பங்காளிகளுடையது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் உட்பட எல்லாப் பங்கிலிருந்தும் எழுத்தில் சம்மதம் வேண்டும். எந்தெந்த அறை பூட்டியே இருக்கும், சாமி கும்பிடும் இடத்துக்கு யூனிட் போகாது, வளவில் செருப்பு கிடையாது, அசைவச் சாப்பாடு எங்கே வைக்கலாம் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் வரட்டும். விசேஷமோ துக்கமோ வந்தால் வீட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு 10 நாள் ஒதுக்கி எழுதுங்கள். அது அவர்களுடைய வீடு, தாத்தன் பாட்டன் கட்டியது. அந்த மரியாதை யூனிட்டின் கடைசி ஆள் வரை தெரிய வேண்டும்.

சுவரில் ஆணி கூடாது, டேப் ஒட்டவும் கூடாது. முட்டை வெள்ளைக் கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசிய அந்தப் பளபளப்பு டேப்பை உரிக்கும்போது பட்டையாகக் கையோடு வந்துவிடும், பழையபடி பூச ஆள் கிடைப்பது கஷ்டம். லைட் கட்ட வேண்டுமானால் தூணில் துணி சுற்றி அதன்மேல் கிளாம்ப். ஆத்தங்குடித் தரையில் ஸ்டாண்டின் ஒவ்வொரு காலுக்கும் ரப்பர் குப்பி மாட்டுங்கள். டிராலியைத் தரையில் நேராக ஓட்டாமல் ஜமுக்காளம் விரித்து, அதன்மேல் பலகை போட்டு ஓட்டுங்கள். பல்லிளித்த பழைய மாடிகளில் யூனிட் மொத்தமும் ஏறக் கூடாது. கேமரா, நடிகர், சவுண்ட் என்று ஆறேழு பேர் போதும்.

எல்இடி விளக்குகளோடு வேலை செய்தால் மொத்த லோடு 10 கிலோவாட்டுக்குள் அடங்கும். 25 கேவிஏ ஜெனரேட்டர் தாராளம். வீட்டு மீட்டரிலிருந்து லைட்டுக்கு இழுக்காதீர்கள். அந்த வயரிங் அதற்குப் போட்டதல்ல.

படப்பிடிப்பு

65 எபிசோட், 22 நிமிடம்: மொத்தம் 1430 நிமிடம். மெகா சீரியலில் நாளுக்கு ஒரு எபிசோட் எடுத்துத் தள்ளுவார்கள். இரண்டு கேமரா வைத்து நாளுக்கு 18 நிமிடம் என்று வைத்தால் 80 நாள். பத்து நாள் உபரி. ஆக 90 கால்ஷீட்.

குறுந்தொடரின் பெரிய வசதி, எல்லாமே முன்கூட்டி எழுதப்பட்டிருப்பது. காலையில் சீன் பேப்பருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் நாள் படப்பிடிப்புக்கு முன் 65-க்கும் ஒன்லைன், குறைந்தது 40 எபிசோடுக்கு முழு வசனம் கையில் இருக்க வேண்டும். இருந்தால் இடவாரியாக எடுக்கலாம்: 1 முதல் 20 வரையுள்ள அடுப்படிக் காட்சிகள் எல்லாம் ஒன்றாக, முகப்புக் காட்சிகள் எல்லாம் ஒன்றாக. லைட்டை ஒருமுறை வைத்து பத்துக் காட்சி எடுத்துவிடலாம். வயதான நடிகர்களின் காட்சிகளை முதல் 30 நாளிலேயே முடித்துவிடுங்கள். “இனி இவருக்குப் பதில் இவர்” என்று போட மெகா சீரியலில் இடம் உண்டு; 13 வாரக் கதையில் அது கதையையே கொன்றுவிடும்.

மாதம் தேர்ந்தெடுப்பதில் தைப்பூசத்தைத் தள்ளிவிடுங்கள். குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கும் காலம், ஊரில் ஆளும் இருக்காது, வீடும் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகை மழை. உபரி பத்து நாள் போக, மாசி, பங்குனியில் 45 நாள், ஆனி, ஆடியில் 35 நாள் என்று இரண்டு ஷெட்யூலாகப் பிரிப்பது தோது. ஆடியில் கல்யாணம் இல்லை என்பதால் வீடு சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அம்மன் கோயில் ஒலிபெருக்கி அதிகாலையிலேயே தொடங்கிவிடும். கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு பாருங்கள், திருவிழா நாட்களை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஷெட்யூலுக்கும் நடுவில் ஒரு பொறி இருக்கிறது, அனுபவசாலிகளும் இதில் மாட்டுவார்கள். காரைக்குடி ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. மாசியில் நடுப்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், வளவில் தூண் நிழல் வடக்கே விழும். சித்திரை முதல் வாரத்தை ஒட்டிச் சூரியன் உச்சிக்கு நேரே வந்துவிடும். ஆனியில் அது வடக்கே போய்விடும், நிழல் தெற்கே விழும். ஒரே காட்சியின் அகலமான ஷாட் மாசியிலும் குளோஸப் ஆனியிலும் எடுத்தால், அப்பத்தாவின் முகத்தில் வெயில் ஒரு பக்கம், பின்னால் தரையில் வெயில் வேறு பக்கம். எந்த கலர் கரெக்‌ஷனும் அதைச் சரி செய்யாது. ஆகவே வளவின் வெயில் தெரியும் காட்சிகள் 65 எபிசோடுக்கும் முதல் ஷெட்யூலிலேயே முடிய வேண்டும். அறைக்குள், அடுப்படி, இரவுக் காட்சிகள் இரண்டாவதில். இப்படிச் செய்ய முடிவு முதலில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். கடைசி எபிசோடில் பங்காளிகள் எல்லாரும் வளவில் கூடும் காட்சி மாசியிலேயே படமாகிவிடும்.

வளவில் காலை 7.30 முதல் 10 வரையும் மாலை 3 முதல் 5 வரையும் எடுங்கள். நடுவில் தரையில் விழும் வெயிலுக்கும் தூணுக்குப் பின்னால் உள்ள நிழலுக்கும் வித்தியாசம் தாங்காது. ஒன்று வெளுத்துப்போகும், அல்லது மற்றது இருண்டுபோகும். அவசரம் என்றால் வளவுக்கு மேலே வெயிலைத் தணிக்கும் 20 அடி ஸ்கிம்மர் துணி கட்டலாம். கயிற்றை ஓட்டில் கட்டாதீர்கள், தூணில் கட்டுங்கள்.

ஒலிதான் இந்த வீடுகளில் அதிகம் சிரமப்படுத்தும். தரை வழவழ, சுவர் வழவழ, கூரை உயரம். பேச்சு மோதித் திரும்பிவரும். எல்லாருக்கும் உடையில் குத்தும் லேபல் மைக், மேலே கம்பில் பூம் மைக், கேமராவுக்குப் பின்னால் கம்பில் ஜமுக்காளமும் கனமான போர்வையும் தொங்கட்டும். மூன்று பக்கம் தொங்கவிட்டால் வித்தியாசம் காதிலேயே தெரியும். ஒவ்வொரு இடத்திலும் ஆள் பேசாமல் 60 நொடி வெறும் சத்தம் பதிவு செய்யுங்கள். புறாச் சத்தமும் காக்கைச் சத்தமும் வெட்டு வெட்டாக ஒலிக்காமல் இருக்க எடிட்டருக்கு அது வேண்டும். தேக்குக் கதவின் தாழ், சாவிக்கொத்து, கிணற்று வாளி இவற்றைத் தனியாகப் பதிந்து வையுங்கள். காதால் பார்க்கும் தொடருக்கு இந்த ஒலிகள்தான் இடத்தைச் சொல்லும்.

ஒளிபரப்புக்கு முன்னும் பின்னும்

முதல் எபிசோட் போகும் நாளில் 40 எபிசோட் முழுதாக எடிட் ஆகி பேங்கில் (கையிருப்பில்) இருக்கட்டும். 65-ம் முடித்துவிட்டு ஒளிபரப்பினால் என்ன என்று கேட்கலாம். படப்பிடிப்பு முழுவதும் முடிந்திருக்கலாம், எடிட் முழுவதும் முடிந்திருக்கக் கூடாது. 4-வது வாரத்தில் ஒரு கதாபாத்திரத்தின் மீது மக்கள் பாசம் வைத்துவிட்டார்கள் என்று தெரிந்தால், எடுத்துவைத்ததில் அவருக்கு வெட்டிய காட்சிகளைத் திரும்பச் சேர்க்க 25 எபிசோட் திறந்திருக்கும். இதற்காகவே வாரத்துக்கு இரண்டு காட்சி அதிகமாக எடுத்து வையுங்கள்.

கடைசி வாரத்துக்கு ப்ரொமோவை 11-வது வாரமே ஆரம்பியுங்கள், “இறுதி வாரம்” என்று வெளிப்படையாகப் போட்டு. கதை முடியப்போகிறது என்று சொன்னால் ஆட்கள் போய்விடுவார்கள் என்று சேனல் பயப்படும். விலகிப் போனவர்கள் முடிவு பார்க்கத் திரும்ப வருவது அந்த வாரத்தில்தான். 65-வது எபிசோட் வெள்ளி, மறு ஒளிபரப்பு சனி, அதன் கடைசி 90 நொடியில் புதுக் கதையின் முதல் காட்சி. டைட்டில் இசை, எழுத்துரு, திண்ணை ஷாட் மூன்றும் நான்கு கதைக்கும் பொதுவாக இருக்கட்டும்.

சேனலுக்கு மாஸ்டரைக் கொடுக்கும்போது இசையும் சூழல் ஒலியும் வசனம் இல்லாமல் தனி டிராக்காக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்த கதையை மலையாளத்துக்கோ தெலுங்குக்கோ டப்பிங் உரிமையாக விற்க இது இல்லாமல் முடியாது. உரிமைப் பத்திரத்தில் டப்பிங்கையும் ரீமேக்கையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் இரண்டும் ஒரே விலைக்குப் போய்விடும்.